புறப்படும் முன்பே தொடங்கிய விபத்து: மலையகத் தேயிலை லொறி ஒன்றின் பணிநேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு புதன்கிழமை அதிகாலை 2.40 மணியளவில், கொழும்பிலிருந்து தலவாக்கலை நோக்கி உரம் ஏற்றிவந்த லொறி ஒன்று, கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் இடையே ஏ7 வீதியின் வளைவொன்றில் திரும்பாமல் நேராகப் போய் இடப்பக்க மண்மேட்டில் மோதி நின்றது. சாரதிக்குக் காறை எலும்பு முறிந்தது. உதவியாளருக்கு நெற்றியில் காயம். வீதியின் மறுபக்கம் பள்ளத்தாக்கு என்பதால், லொறி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இருவரில் எவரும் இந்த ஆய்வுக்குத் தகவல் தந்திருக்க மாட்டார்கள்.

பொலிஸ் முறைப்பாட்டில் "கவனயீனமாக வாகனம் செலுத்தியமை" என்று பதிவாயிற்று. நிறுவனத்தின் உள்ளக அறிக்கையும் அதே சொல்லோடு ஒரே பக்கத்தில் முடிந்தது. லொறியின் பிரேக் சரியாக இருந்தது, டயர்கள் நல்ல நிலையில் இருந்தன, சாரதி மது அருந்தியிருக்கவில்லை. ஆனால் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்த தடம் எதுவும் வீதியில் இல்லை என்ற குறிப்பு அந்த அறிக்கையிலேயே இருந்தும், அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விழித்திருக்கும் மனிதர் மண்மேட்டைக் கண்டதும் கால் தானாகவே பிரேக்கை அழுத்தும். அது நடக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் அவர் தூங்கியிருக்கிறார் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். சாரதியும் அதை மறுக்கவில்லை. "கண்ண மூடினது எனக்கே தெரியாதுங்க சார், கினிகத்தேனை டவுன் தாண்டினது ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் சத்தந்தான்" என்றார்.

நிறுவனத்தின் பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். பகலில் சில தோட்டங்களின் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றுவதும், இரவில் தயாரித்த தேயிலையைக் கொழும்புக் களஞ்சியத்துக்கு இறக்குவதும், திரும்பும்போது உரமோ பொதியிடும் தாள் பைகளோ ஏற்றி வருவதும் அதன் தொழில். ஓட்டப் பதிவேடு, தொழிற்சாலை வாயிற்பதிவு, களஞ்சியத்தின் வரவுச் சீட்டு, கைபேசி அழைப்புகளின் நேரம் ஆகியவற்றை ஒன்றின் மேலொன்றாக வைத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கே இந்த ஆய்வின் அடிப்படை.

திங்கள் காலை 4.30 முதல்

விபத்துக்கு முந்திய திங்கட்கிழமை காலை 4.30க்குச் சாரதி எழுந்திருக்கிறார். கொழுந்து லொறியின் வழமையான சாரதி விடுப்பில் இருந்ததால் அந்த லொறியும் அன்று இவரிடம் வந்தது. 6 மணிக்கு அடுப்புக்கான விறகு ஒரு நடை. பிறகு காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை மடுவங்களில் (தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளில்) எடைபோட்ட கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்கினார். கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும் முன், அதை வாடவிடும் வாடுதளத்துக்குப் போயாக வேண்டும் என்பதால் இந்த வேலையில் தாமதத்துக்கு இடமில்லை. அன்று அவர் ஸ்டியரிங் பிடித்த நேரம் ஏறத்தாழ 3 மணி நேரந்தான் என்றாலும், ஏற்றும்போதும் நிறுக்கும்போதும் இறக்கும்போதும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

மாலை 6 மணிக்கு அந்த லொறியை விட்டவருக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, இன்னிக்கி மட்டும் கொழும்பு நடையையும் பாத்துக்கங்க, நாளன்னைக்கி லீவு எடுத்துக்கலாம்" என்பது அதன் சாரம். 8 மணிக்குத் தேயிலை ஏற்றத் தொடங்கி, 10 மணிக்குப் பெரிய லொறி புறப்பட்டது.

இந்த இடத்தில் நின்று ஒரு கணக்கைப் போட வேண்டும். இரவு 10 மணிக்குச் சாரதி பதினேழரை மணி நேரம் விழித்திருந்தார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலக் குறைகின்றன என்று 1997ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். விழிப்பு 24 மணி நேரத்தை எட்டும்போது அது 0.10 வீதத்துக்குச் சமமாகிறது. மது அருந்திய ஒருவரிடம், லொறி புறப்பட்ட முற்றத்தில் யாரும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதே அளவு மந்தமடைந்த ஒருவரிடம், அவரது பொறுப்புணர்வைப் பாராட்டிக்கொண்டே சாவி கொடுக்கப்பட்டது. விபத்து நடந்த வளைவு கினிகத்தேனைக்கு மேலே இருந்தாலும், அதற்கான வேலை தலவாக்கலை முற்றத்தில் 28 மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே என் முடிவு.

ஏறத்தாழ 150 கிலோமீற்றர் இறங்கி அதிகாலை 4 மணிக்குக் கொழும்பை அடைந்தார். களஞ்சியத்தின் வாயில் 8 மணிக்குத்தான் திறக்கும். வரிசை நகர நகர லொறியையும் நகர்த்த வேண்டியிருந்ததால் அந்த 4 மணி நேரமும் தூக்கத்துக்கு உதவவில்லை. இறக்கி முடிய 11 மணிக்கு மேலாயிற்று. அதன்பின் வெயிலில் நிறுத்திய லொறியின் இருக்கையில் 2 மணி நேரத்துக்கும் குறைவாகக் கண்ணயர்ந்தார். 2 மணி முதல் உரம் ஏற்றம், மாலை 6 மணிக்கு நெரிசலோடு நெரிசலாகப் புறப்பாடு, அவிசாவளையில் சாப்பாடு. கித்துல்கலைக்கு மேலே மண் சரிந்து வீதி ஒருவழியாக்கப்பட்டிருந்ததால் இரவு 11.15 முதல் 1.15 வரை மீண்டும் வரிசை. அங்கும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் உள்ள வாகனம் நகர்ந்தது.

அதற்குப் பிந்திய ஒன்றரை மணி நேரம் முழுவதும் ஏற்றம். பாரத்தோடு ஏறும் லொறி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனாலும் வினாடிக்கு 8 மீற்றருக்கு மேல் கடக்கிறது. மூன்று வினாடிகள் கண் மூடினால் 25 மீற்றர் போய்விடும். சமவெளியின் நேர்வீதியில் அது சில வேளை தப்பிப்பிழைக்கக்கூடிய தூரம். வட்டவளைப் பக்கத்து வளைவுகளில் அந்தத் தூரத்துக்குள் வீதியே திசை மாறிவிடுகிறது.

எழுந்த நேரத்திலிருந்து மோதிய நேரம் வரை 46 மணி நேரம். அதில் உருப்படியான தூக்கம் 2 மணி நேரத்துக்கும் குறைவு. உடல் தானாகவே தூக்கத்தைத் தேடும் பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையான வேளை இரண்டு முறை குறுக்கிட்டது. முதல் முறை அவர் தப்பினார்.

பதிவேடு காட்டாத களைப்பு

இவ்வளவும் நடந்தும் ஓட்டப் பதிவேட்டில் எதுவுமே பிழையாகத் தெரியவில்லை என்பதுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. அதில் இருப்பவை புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீற்றர் கணக்கு, டீசல் ஆகியவை. இரண்டு நாளில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் என்றால், தென் அதிவேக வீதியை மனதில் வைத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு பகல் வேலை. கொழுந்து லொறிக்குத் தனிப் பதிவேடு இருந்ததால் இரண்டையும் ஓட்டியவர் ஒருவரே என்பதும் எந்த ஒரு பக்கத்திலும் தெரியாது. வாகனத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது, ஆளுக்கு ஒரு புத்தகம் இருக்கவில்லை.

ஸ்டியரிங் பிடித்த நேரத்தை மட்டும் கணக்கிட்டாலும் போதாது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1979ஆம் ஆண்டின் 153ஆம் இலக்கச் சமவாயம், தொடர்ச்சியாக 4 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டக்கூடாது, நாளொன்றுக்கு மொத்த ஓட்டம் 9 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது, எந்த 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தச் சாரதியின் ஓட்டத்தை நாட்காட்டித் தேதிப்படி பிரித்தால் திங்களன்று ஏறத்தாழ 5 மணி நேரம், செவ்வாயன்று எட்டரை மணி நேரம். இரண்டு நாளுமே 9க்குள் அடங்கிவிடுகின்றன. 10 மணி நேர ஓய்வு என்ற மூன்றாவது நிபந்தனையைக் கேட்டிருந்தால்தான் உண்மை வெளிப்பட்டிருக்கும், ஏனெனில் அப்படியொரு ஓய்வு அந்த 46 மணி நேரத்தில் எங்குமே இல்லை. ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வைப்பது அவசியம். ஆனால் சாரதியைக் காப்பது அவருக்குக் கிடைத்த ஓய்வும், அவர் எழுந்ததிலிருந்து கடந்த நேரமும் பற்றிய கணக்கு.

அந்தச் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரையில் மலைநாட்டவர் கவனிக்க வேண்டிய இன்னொரு வாசகம் உண்டு. மிகவும் கடினமான நிலைமைகளில் நடைபெறும் போக்குவரத்துக்கு அந்த 9 மணி நேர வரம்பையே இன்னும் குறைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையே மூடுபனியில் ஒரு மணி நேரம் ஓட்டியவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் தாழ்ந்த கியரும், ஏற்றத்தில் ஓயாத கியர் மாற்றமும், ஒவ்வொரு வளைவிலும் எதிரே பஸ் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதும் சேர்ந்து சமவெளியின் இரண்டு மணி நேரக் களைப்பை இங்கே ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகின்றன என்று சாரதிகள் சொல்கிறார்கள். மலைப்பாதையில் தூரத்தைக் கொண்டு வேலையை அளப்பதைக் கைவிட வேண்டும்.

2025 மே 11ஆந் திகதி அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, இரவுநேர ஓட்டம் பற்றி நாடெங்கும் பேசப்பட்டது. அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. பயணிகள் பஸ்களைப் பற்றி எழுந்த அந்தப் பேச்சு, மனிதர்களை ஏற்றாத லொறிகளின் பக்கம் வரவேயில்லை என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும். அதே வளைவுகளில் அந்த லொறிகளுக்கு எதிரே வருவதும் பயணிகள் பஸ்கள்தான்.

அவர் ஏன் மறுக்கவில்லை?

இந்தக் கேள்வியை நிறுவனத்தின் முதலாளியே கேட்டார், குற்றஞ்சாட்டும் தொனியில் அல்ல, உண்மையிலேயே விளங்காமல். விடையின் பெரும்பகுதி சம்பள முறையில் இருந்தது. அடிப்படைச் சம்பளம் குறைவு. வீட்டைத் தாங்குவது ஒவ்வொரு நடைக்கும் கிடைக்கும் நடைக் காசு. கொழும்பு நடை ஒன்றை மறுத்தால் அது வேறொருவருக்குப் போகும். வாயிலிலும் மண்சரிவிலும் காத்திருந்த மணித்தியாலங்களுக்குக் கொடுப்பனவு கிடையாது, ஆகவே சீக்கிரம் திரும்புபவருக்கே இலாபம். சம்பளத்துக்கான சட்டங்கள் மேலதிக நேரத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியைப் பார்க்கின்றன, அந்த நேரத்தில் ஒருவர் லொறி ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. கொடுப்பனவு சரியாகக் கிடைத்துவிட்டால் களைப்பும் தீர்ந்துவிட்டதாக நிறுவனங்கள் எண்ணிக்கொள்வதை இந்த ஒரு இடத்தில் மட்டுமல்ல, வேறு இடங்களிலும் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பகுதி, தூக்கம் வருவதைத் தன்னால் முன்கூட்டியே உணர்ந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கை. கொட்டாவி, கண் எரிச்சல், கடந்துவந்த ஊர் நினைவில் இல்லாமை ஆகியவை தெரியும். ஆனால் கண் அசரும் அந்த வினாடியை ஒருவராலும் கணிக்க முடியாது. யன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டி வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வெற்றிலை போடுவது என்று சாரதிகள் சொன்ன வழிகள் யாவும் சில நிமிட விழிப்பைத் தந்து, பல மணி நேரத் துணிச்சலைத் தருபவை. பக்கத்தில் பேச்சுக் கொடுக்க உதவியாளர் இருக்கிறாரே என்றும் சொன்னார்கள். அந்த உதவியாளர் தேயிலை மூட்டையையும் உர மூட்டையையும் சுமந்துவிட்டு, கித்துல்கலையைத் தாண்டியதும் தூங்கிப்போயிருந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, வீடு. இரவு ஓடிய சாரதி பகலில் தூங்கிக்கொள்ளலாம் என்று அட்டவணை போடுபவர் லயக் காம்பராவை (தோட்டத்து வரிசை வீட்டின் அறையை) நினைத்துப் பார்ப்பதில்லை. தகரக் கூரை, ஒரு காம்பராவும் ஒரு குசினியும், பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சி, பிள்ளைகள், திருவிழாக் காலமானால் கோவில் ஒலிபெருக்கி. 10 மணி நேர ஓய்வு என்று தாளில் எழுதினாலும் அதில் 4 மணி நேரம் தூங்கக் கிடைத்தால் பெரிது. தோட்டத்து வீட்டு நிலைமை வீதிப் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது என்பதை எந்தப் போக்குவரத்துக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, ஆனால் இங்கே அது கண்முன்னே நின்றது.

நிறுவனம் மாற்றியவை

முதலில் முன்வைக்கப்பட்டவை எச்சரிக்கைக் கடிதம், "நிதானமாக ஓட்டவும்" என்ற அறிவித்தல், சாரதியின் முகத்தைப் பார்க்கும் கமரா ஆகியவை. கமரா பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 46 மணி நேரம் உருப்படியான தூக்கமில்லாத ஒருவரைப் பார்த்துக் கூவும் கருவி, அவரை அந்த நிலையில் அனுப்பியவரைப் பார்த்துக் கூவுவதில்லை. ஆகவே புறப்பாட்டை முடிவுசெய்யும் மேசையிலிருந்து தொடங்கலாம் என்று வலியுறுத்தினேன்.

மிகப் பெரிய மாற்றம் எதிர்பாராத அளவுக்கு எளிதாக நடந்தது. இரவு 10 மணிக்கு ஏன் புறப்பட வேண்டும் என்று கேட்டபோது, வரிசையில் முன்னுக்கு நிற்பதற்காக என்ற ஒரே பதில் வந்தது. கொழும்புத் தேயிலை ஏலத்துக்கான தேயிலை முன்கூட்டியே மாதிரி எடுக்கப்பட்டுப் பட்டியலிடப்படுகிறது. லொறியிலிருந்து இறக்கிய அன்றே எதுவும் விற்பனையாவதில்லை. அதாவது ஒரு சாரதியின் இரண்டு இரவுகளைச் செலவழித்து வாங்கியது வாயிலில் ஓர் இடத்தை மட்டுமே. களஞ்சியத்தோடு பேசி முற்பகலில் ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொண்டதும் அந்தத் தேவை மறைந்தது. இப்போது லொறி பிற்பகலில் இறங்குகிறது, சாரதியும் உதவியாளரும் கொழும்பில் வாடகைக்கு எடுத்த அறையில் படுக்கிறார்கள், காலையில் இறக்கி ஏற்றி நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு இரவு 8 மணிக்குள் மேலே வந்துவிடுகிறார்கள். அறை வாடகை ஒன்றே புதிய செலவு.

ஆளுக்கு ஒரு பதிவேடு வந்தது. முதல் கேள்வி, இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பது. முந்திய 24 மணி நேரத்தில் தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு இல்லாதவருக்கும், பயணம் முடியும்போது விழிப்பு 16 மணி நேரத்தைத் தாண்டிவிடும் என்று கணக்கு காட்டுபவருக்கும் பெரிய லொறி கொடுக்கப்படுவதில்லை. அந்தப் பக்கத்தில் பொறுப்பாளரும் கையொப்பமிட வேண்டும். இந்தக் கையொப்பத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு இருந்தது, அதனாலேயே அது அவசியம் என்று நினைக்கிறேன். கொழுந்து லொறிக்கும் கொழும்பு லொறிக்கும் ஒரே நாளில் ஒரே ஆள் என்பது முற்றாக நிறுத்தப்பட்டது. தொழிற்சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸ் அறை, இருண்ட திரையோடு பகல் தூக்கத்துக்காகத் திறக்கப்பட்டது.

வழியில் தூக்கம் வந்தால் யாரிடமும் கேட்காமல் நிறுத்தலாம் என்ற உரிமை எழுத்தில் கொடுக்கப்பட்டது. மலைப்பாதையில் பாரலொறியை நிறுத்தக்கூடிய அகலமான இடங்கள் குறைவு என்பதால், எட்டியாந்தோட்டை முதல் கொட்டகலை வரை அப்படியான இடங்களைச் சாரதிகளே குறித்துக் கொடுத்தார்கள். நிறுத்தியதும் ஒரு கோப்பை சாயத் தேநீரோ கோப்பியோ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்க வேண்டும். அந்தப் பானத்தின் விழிப்பூட்டும் வேலை தொடங்க அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால் இந்த வரிசை பொருத்தமானது. எழுந்தவுடன் ஓட்டக்கூடாது, மந்தம் தெளியக் கால் மணி நேரமாவது நடக்க வேண்டும். இது தூக்கத்துக்கு ஈடாகாது, ஊர் போய்ச் சேரவும் உதவாது, பாதுகாப்பான படுக்கையை அடைவதற்கான இடைக்கால உதவி மட்டுமே. மண்சரிவில் வீதி மூடினால் காத்திருக்கும் நேரமும் பணிநேரமே. கணக்கு 12 மணி நேரத்தைத் தொட்டால் லொறி அங்கேயே இரவு தங்க வேண்டும்.

சம்பளத்தில் பாதி வழிதான் வந்திருக்கிறோம். காத்திருப்புக்கு மணித்தியாலக் கொடுப்பனவு வந்தது, நடைக் காசின் ஒரு பகுதி நிலையான நாட்படியாயிற்று. இருந்தும் முன்பு மாதத்தில் அதிக நடை போனவர்களுக்கு வருமானம் குறைந்திருக்கிறது, அவர்களின் முறைப்பாடு நியாயமானது. களைப்பைக் குறைக்கும் செலவைச் சாரதியின் வீட்டுச் சமையலறை தாங்குமாறு விட்டால் இந்த ஏற்பாடு நிலைக்காது என்று முதலாளியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அதற்கான கூலிப் பேச்சு இன்னும் நடக்கிறது. உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, தடிமன் மாத்திரை எடுத்த நாளில் ஓட்டாமை போன்றவையும் சேர்க்கப்பட்டுள்ளன.

நுவரெலியாவிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் மரக்கறி ஏற்றுபவர்களுக்கு இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துச் சொல்ல முடியாது. தேயிலை பொறுக்கும், லீக்ஸும் கோவாவும் பொறுக்காது. அங்கே இரவு ஓட்டத்தைத் தவிர்க்க வழியில்லை என்றால் பகல் முழுதும் உண்மையாகத் தூங்கிய ஒருவரோ, மாற்றி ஓட்ட இரண்டாவது சாரதியோ வேண்டும். தோட்டத்தில் மூட்டை கட்டிய அதே ஆள் இரவு ஸ்டியரிங் பிடிப்பதுதான் அங்குள்ள வழமை.

இந்த நிறுவனத்தில் இன்னும் மூடப்படாத ஓட்டை, கொழுந்து பெருகும் வாரங்களில் வெளியிலிருந்து பிடிக்கப்படும் வாடகை லொறிகள். அவற்றின் சாரதிகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, முந்திய இரவு எங்கே ஓடினார்கள் என்று வாயிலில் கேட்டால் உண்மையைச் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை, ஏனெனில் சொன்னால் அன்றைய வாடகை போய்விடும். ஓய்வின்றி வந்ததாகச் சொல்பவருக்கு அரைநாள் கொடுப்பனவைக் கொடுத்து, குவார்ட்டர்ஸ் அறையில் படுக்க வைத்து, பிற்பகலில் வேலை தரலாம் என்று ஒரு யோசனை முன்வைத்திருக்கிறோம். அடுத்த கொழுந்துப் பருவத்துக்கு முன் அதை ஒப்பந்தத்தில் சேர்ப்பதா என்று முதலாளியும் தொழிற்சாலை முகாமையாளரும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.